தேறாத தாழ்ப்பாள்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. நீங்களாவது நலமாக இருங்கள். போன் செய்து செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. "எழுத்தில் கேள்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினீர்கள். சரி, எழுதுகிறேன். பேனா பிடித்து நாளாயிற்று. பிழை இருந்தால் வாத்தியார் திருத்திக்கொள்ளவும்.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. சில நாள் நான் மகள். சில நாள் பாக்கிங் பெண். "டப்பாக்குள்ள திருகாணி போட மறந்துடாதடி" என்கிறாள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். விடிந்ததும் குளித்து, தலைவாரி, கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறாள். நம் தாழ்ப்பாள் கம்பெனியை மூடி எத்தனை வருஷம்! அந்த ஷெட்டில் இப்போது மெத்தை விற்கிறார்கள். அங்கே போய் நின்று, "ஏன் பிரஸ் மெஷின் ஓடல?" என்று கடைக்காரரை அதட்டுகிறாள். நல்ல மனிதர். ஒரு மெத்தைமேல் உட்காரவைத்து எனக்குச் சொல்லி அனுப்புகிறார். ஆனால் நடுவில் பெரிய சாலை இருக்கிறதே, மாமா.

வாசல் கதவில் எந்தத் தாழ்ப்பாள் போட்டாலும் திறந்துவிடுகிறாள். எல்லாம் அவள் செய்தவைதானே. என் பெயர் மறந்த அம்மாவுக்குத் தாழ்ப்பாள் மறக்கவில்லை. வேறு கம்பெனித் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "இதையெல்லாம் காசு குடுத்து யாரு வாங்குறா?" என்றாள். பூட்டுப் போட்டேன். பூட்டைக் கண்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. நான் பால் வாங்கி வருவதற்குள் கரண்டிக் காம்பால் கீலையே கழற்றிக் கதவைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டாள். தாழ்ப்பாள் என்றால் மட்டும் கீல் பக்கம் போவதில்லை. அதோடு மட்டும்தான் மல்லுக்கு நிற்கிறாள்.

நம் பழைய ஃபோர்மேன் மீசை சொன்னார்: "முதலாளியம்மாவால திறக்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். உன் மாமன் பண்ணது." அதில் ஒன்று உங்களிடம் இருக்கிறதாமே. கொடுப்பீர்களா?

உங்கள்
சுண்டு


ஜூன் 11

சுண்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை இரண்டு இடத்தில். திருத்திக்கொண்டேன்.

மீசை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன்.

உன் அப்பா போனபோது நீ கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா தகடு வாங்கப் போனாள். அங்கிருந்தவன், "முதலாளி வரலையா?" என்று கேட்டானாம். உன்னைக் காட்டி, "முதலாளிக்குப் பால் குடிக்கிற நேரம். நீங்க என்கிட்டயே பேசுங்க" என்றாளாம். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அவள் தைரியசாலி, நியாயக்காரி, தகடு வெட்டுகிற ஒரு கை பிரஸ்ஸில் தொடங்கி ஒரு தெருவுக்கே சோறு போட்டவள். எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. என்னைப் படிக்கவைத்தவளும் அவள்தான். எந்தப் படிப்பு என்று முடிவு செய்தவளும் அவள்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

படித்துவிட்டு வந்து ஒரு தாழ்ப்பாள் செய்தேன். கதவிடுக்கில் கம்பி விட்டு நெம்புகிற எந்தத் திருடனாலும் திறக்க முடியாது. தண்டு உள்ளே போனதும் ஒரு நாக்கு விழுந்து பிடித்துக்கொள்ளும். அடியில் பட்டாணி அளவு ஒரு பொத்தான், அதை அழுத்தினால்தான் விடும். முதல் சரக்கு மேசைமேல் குவிந்து கிடந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

அவளுடைய சோதனை உனக்குத் தெரியும். கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒற்றைக் கையால் திறக்க வேண்டும். திறந்தால் "பாஸ் போடு" என்பாள். அன்று எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தாள். டீ கொண்டுவந்தவன்கூட நின்றான். தடவினாள், இழுத்தாள், முடியவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காமல், "மீசை, சுத்தியல் எடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாக உடைத்தாள், சுண்டு. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்ஜினியர் தம்பி, உள்ள புகையில மாட்டிக்கிட்டவன் உன் பொத்தானைத் தேடிக்கிட்டு இருப்பானா?" என்றாள். பாக்கிங் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மேசைக்கடியில் தெறித்து விழுந்த ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்றே கிளம்பினேன். பாலிடெக்னிக்கில் பிறர் பிள்ளைகளுக்கு இயந்திரப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்துவிட்டது.

தேறாத சரக்கை எதற்குக் கேட்கிறாய்? அவள் பாஸ் போட்ட தாழ்ப்பாள்கள் வீடு நிறைய இருக்கின்றனவே.

மாமா


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவின் முழங்கையில் தையல் போட்டிருக்கிறது.

சாலை நடுவில் நின்று, வந்த லாரியைக் கை காட்டி மறித்திருக்கிறாள். "தகடு ஏத்திக்கிட்டு எங்க போற? ஷெட் இந்தப் பக்கம்" என்று சத்தம். லாரிக்காரர் வண்டியை ஒடித்துத் திருப்பியதில் பின்பக்கம் அவள்மேல் உரசிவிட்டது. இறங்கித் திட்ட வந்தவர், அவளைப் பார்த்ததும், "யாரும்மா இவங்களைத் தனியா விட்டது?" என்று கேட்டார். ஓடி வந்த நான் அவள் முழங்கையைத் துணியால் அழுத்திப் பிடித்தேன்.

தூங்கும்போது அவள் கையையும் என் கையையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். காலையில் பார்த்தால் முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவளை நான் என்ன செய்ய?

மீசையிடம் உங்கள் தாழ்ப்பாள் மாதிரி ஒன்று செய்துதரச் சொன்னேன். இரண்டு கையையும் கூப்பி, "முதலாளியம்மாவை அடைக்கிற சாமானை என் கையால பண்ணச் சொல்லாத தாயி. வேணும்னா வாசல்லயே படுத்துக்கிறேன்" என்றார். இரண்டு நாள் படுக்கவும் செய்தார். அம்மா அவரை எழுப்பி, "வேலை நேரத்துல என்ன தூக்கம்?" என்று கூட்டிக்கொண்டே கிளம்பிவிட்டாள். முதலாளி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர், பின்னாலேயே போய்விட்டார். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது, அப்புறம் அழுதேன்.

கோபத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமா. அதை நான் கேட்கவில்லை. தாழ்ப்பாளை மட்டும் கொடுங்கள்.

சுண்டு


ஜூன் 23

சுண்டுவுக்கு,

இத்துடன் தாழ்ப்பாள் வருகிறது. துரு இருக்காது. அவ்வப்போது எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதே.

பொத்தான் கீழே இருக்கும்படி மாட்டச் சொல். வீட்டில் இருப்பவர்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் சொல்லிக்கொடு. நீ திறக்கும்போது அவள் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொள். அவள் கண் பொல்லாதது, ஒரு முறை பார்த்தால் போதும்.

என்னை வரச்சொல்லிக் கேட்காதே. அவள் என்னை டீக்காரன் என்று நினைத்தாலும் எனக்குச் சம்மதமில்லை. அடையாளம் கண்டுகொண்டாலும் சம்மதமில்லை.

ஒன்று மட்டும் செய். மாட்டிய பிறகு அவள் அதைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

மாமா


ஜூலை 6

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

மீசைதான் மாட்டினார். திருகாணியை முடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் அம்மா வழக்கம்போலக் குளித்துக் கிளம்பி வந்தாள். தண்டை இழுத்தாள். வரவில்லை. மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, புது மாடல் வந்தால் பார்ப்பாளே, அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, வேலை இருக்கு" என்றாள்.

இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் தானாக எழுந்து போய்க் கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மீசையும் பின்னால் நின்றோம். திறந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். திறந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டியிருப்பார். தண்டெல்லாம் நுரை. நெடுநேரம் முயன்றாள். முடியவில்லை.

கண்ணைத் திறந்து, "யாரு பண்ணது இது?" என்று கேட்டாள்.

"மாமாதாம்மா. உன் தம்பி பண்ணது."

"தம்பியா?" முந்தானையால் நுரையைத் துடைத்துவிட்டுத் தண்டைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கான். என்னாலயே முடியலையே." தண்டை விட்டுக் கையை எடுத்தாள். "பாஸ் போட்டுடு" என்றாள்.

அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மறுநாள் குளிக்கவில்லை, தலைவாரவில்லை. பிரஸ் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. பாக்கிங் பெண்ணாகக்கூட என்னை இப்போது நினைப்பதில்லை. ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். டாக்டரிடம் காட்டினேன். நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது, எப்படியும் வந்திருக்கும் என்கிறார். இருக்கலாம்.

நான் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டேன், அவள் வருவாள் என்று. "அம்மா, கம்பெனிக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டும் பார்த்தேன். திரும்பவில்லை. சாலைக்குப் பயந்து பயந்து செத்தவள் நான். இப்போது அந்தச் சாலை வரைக்கும் வந்தால் போதும் என்றிருக்கிறது.

ஒரு வார்த்தையும் விடவில்லை, மாமா.

சுண்டு


ஜூலை 10

அன்புள்ள சுண்டு,

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. என் முறை, பொறுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தில் அவள் சொன்ன அந்த மூன்று வரியையும் படித்தேன். வாழ்நாளெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்.

நான் எழுதுவதைப் பெரிய குரலில் அவள் காதில் படி. அந்தத் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொல். ஸ்பிரிங் இறுகிக்கொள்கிறது, நாக்கு சிக்கிக்கொள்கிறது, சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது, ஷெட் வாசலில் கிடக்கிறது என்று சொல். யார் பாஸ் போட்டது என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று சொல். உள்ளே ஒருத்தி மாட்டிக்கொண்டுவிட்டாள், கதவைத் தட்டக்கூட அவளுக்குத் தெரியவில்லை என்று சொல். அக்காவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தால் விடாதே. இன்ஜினியர் தம்பி பண்ணியதுதான் என்று மறக்காமல் சொல். திட்டட்டும். வேண்டுமானால் தெருவில் இருக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொள், சிரிக்கட்டும்.

கேட்கவில்லை என்றால் மறுபடியும் சொல்.

தாழ்ப்பாளை அவள் முன்னால் மேசைமேல் வை. சுத்தியல் மீசையிடம் இருக்கும். அதை வாங்கி அவள் கையில் கொடு. பிடிக்க மாட்டாள் என்றால் நீ சேர்த்துப் பிடித்துக்கொள்.

உன் அம்மாவின்
தம்பி