அம்மாவின் முழங்காலும் என் கெட்டிக்காரத்தனமும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இருவரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் முந்தாநாள் வாங்கிய அடியில் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது, அதனால் நான் முக்கால் நலம், அம்மா போகப் போக நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழு நலமாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று உனக்குத் தெரியும். அதற்காக ஒரு வருஷமாக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாடிப்படி ஏற விடுவதில்லை, துணி காயப்போடுவது நான், பத்து நிமிஷ நடையில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்குவதும் நான். நின்றுகொண்டே படுக்கை விரிப்பு மடிக்கிறாளே என்று மேற்பார்வையாளரிடம் மல்லுக்கு நின்று ஒரு நாற்காலியும் வாங்கிக் கொடுத்தேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவில் நாலு பேரிடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், வேறு யாரும் சொல்லாததால்.

முந்தாநாள் சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனால், அங்கே நாற்பது தாண்டிய பெண்களுக்கு மூட்டுத் தேய்மானம் பற்றி ஒரு நர்ஸம்மா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். இஸ்திரி போடும் அக்கா, அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர், பேச்சை நிறுத்தாமலே ஐந்தையும் முடித்துவிட்டார். அம்மா பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவையும் அப்படியே. ஐம்பத்தாறு வயதுதான் மகளே. நம் வாய் சும்மா இருக்குமா, நான் இவளை ஓர் அடி எடுத்து வைக்க விடுவதில்லை, அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்றேன். நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியும் இல்லைங்க. அதனாலதான் இப்படி ஆச்சு" என்றார்.

முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசையாம், வேலை கொடுக்காவிட்டால் அது வற்றிப்போய்ப் பாரமெல்லாம் மூட்டின் தலையில் விடியுமாம். வீங்கிக் கடுக்கிற நாளில் ஓய்வு கொடுக்கலாம், வருஷக்கணக்கில் கூடாதாம். முப்பது வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்தவன் நான், நிறுத்தியே வைத்த வண்டி என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், "நீங்க பாசமாத்தான் செஞ்சீங்க, நானும் சொகமா இருக்குன்னு உட்கார்ந்துட்டேன். நாளையிலிருந்து ஸ்கூட்டர் வேணாம்" என்றாள். நேற்று டாக்டரிடம் காட்டினோம். தேய்மானம் ஆரம்பம்தான், காலை நீட்டி உயர்த்தும் பயிற்சி, கொஞ்சம் எடை குறைப்பு, தினம் நடை, இதைப் பிடித்துக்கொண்டால் நன்றாக நடமாடலாம் என்றார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், படி இறங்கும்போது முழங்கால் கடுக்கிறது, அதனால் நடையை நிறுத்திவிட்டேன், எல்லா வேலையும் மாப்பிள்ளைதான் என்று போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய். என் பெண் புத்திசாலி என்று மெச்சிக்கொண்டேன். இப்போது அதை எடுத்துப் படித்தால் பகீர் என்கிறது. நாற்பதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்று இருந்துவிடாதே. இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, என்ன பயிற்சி என்று கேட்டுச் செய். மாப்பிள்ளையிடம் உன்னைக் கொஞ்சம் தாங்காமல் இருக்கச் சொல், நான் சொன்னதாகவே சொல்.

நீ நூறு வயது உன் காலிலேயே நடக்க என் ஆசி. டாக்டர் சொன்னதை மறக்காமல் எழுது. இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தெருக்கோடிவரை தனியாகப் போய் வருவாளாம், பின்னாலேயே வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கப்போவது நான்தான்.

இப்படிக்கு,
பாசத்தால் கெடுத்த உன் அப்பா