முப்பத்தெட்டுக்கு ஒரு நிமிடச் சத்தம்

ஜூலை 14, திங்கள்

விடியும் முன்பே காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காற்றுக்கு என் கடைத் தகரத்தின் மேல் என்ன பிரியமோ, இரண்டு ஆணியைப் பிடுங்கிவிட்டது. தகரம் பறக்காமல் இருக்கக் கயிறு கட்டிப் பழைய லாரி டயரைத் தொங்கவிட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் கண்ணேறுக்கு என்று நினைக்கட்டும்.

பஞ்சர் நான்கு. ஒன்று லாரி. இடுப்பு போச்சு.

சரசு, மகளின் பேறுகாலத்துக்கு மஸ்கட் போய் இன்றோடு எழுபத்தொரு நாள். டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறது.

செய்ய வேண்டியது:
தகர ஆணி.
38 டயரைக் கழுவ.
தோவாளையில் மாலைக்குச் சொல்ல.
குரூப்பில் ஞாபகப்படுத்த.
சவரம்.

ஞாயிற்றுக்கிழமை சஜினின் நாள். ஆறு வருடம். பேத்தி வளர்ந்து இதைப் படித்தால் தெரியட்டும்: சஜின், மணக்குடிக் கடற்கரைப் பையன், கார் பந்தயக்காரன், வண்டி நம்பர் 38. பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே போனான். இருபத்தாறு வயது. நாங்கள் அவன் ரசிகர்கள். உன் தாத்தா தாணு, தலைமை ரசிகன் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்ட பஞ்சர் கடைக்காரன்.

காலையில் தோசை. மதியம் தோசை. ராத்திரி என்ன என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஞாயிறு காலை பத்து மணி, கடை வாசல், எல்லாரும் வண்டியோடு. குரூப் சஜின் இருக்கும்போதே தொடங்கியது. நாற்பத்துமூன்று பேர். பார்த்தவர்கள் முப்பது. பதில் இரண்டு. அதில் ஒன்று வெறும் கும்பிடுகிற கை. வருகிறேன் என்றா, மன்னித்துக்கொள் என்றா, அந்தக் கைக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் ரோட்டை அடைத்து நின்றோம். விலக்க வந்த போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூட நின்றார். போன வருடம் ஒன்பது பேர்.

கரண்டு பிச்சையாவுக்குப் போன். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர், ஒரு வருடமும் தவறியதில்லை. மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம், அதில்தான் வருவாராம். அது சத்தமே போடாதே என்றேன்.

"நான் வாயால போடுகேன்லா" என்றார்.

சத்தம் எங்களுக்கு முக்கியம். மௌன அஞ்சலி கிடையாது. முதல் வருடம் யாரோ ஒரு நிமிடம் மௌனம் என்றபோது, மௌனமாக இருக்கிற பயலா அவன், வண்டியை முறுக்குங்க வே என்று நான்தான் விளையாட்டாகச் சொன்னேன். நாற்பது வண்டி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் உறுமியது. தோவாளை வரை கேட்டதாம். அதுவே வழக்கமாகிவிட்டது.

சாயங்காலம் பார்த்தவர்கள் பட்டியலை மறுபடி எடுத்தேன். முப்பத்தொன்று. புதிதாகச் சேர்ந்த பேர், சஜின்.

அவன் நம்பரைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் கை வரவில்லை, அப்படியே கிடந்தது. இத்தனை நாளில் அந்தப் பேரை இந்தப் பட்டியலில் நான் பார்த்ததே இல்லை. இன்று பார்த்திருக்கிறான், 4.10க்கு.

மேலேயும் டவர் வைத்துவிட்டான் போல என்று பிச்சையாவிடம் சொல்ல வாய் வரை வந்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுதவில்லை. பஞ்சர் ஒன்று. சைக்கிள்.

அவன் கடைசியாக வந்ததும் ஒரு வியாழன். பந்தயத்துக்குப் போகிற வழியில், தன் பழைய வெள்ளைக் காரில். ஸ்டெப்னியைப் பஞ்சர் ஒட்டத் தந்தான், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று. அந்த டயரில்தான் 38 என்று பெயின்ட் அடித்து வருடா வருடம் மாலை போடுகிறோம். அன்றைக்கு நான்கு சக்கரத்துக்கும் காற்று அடித்தேன். அந்த வருடம் அதுவரை அவனுக்கு நான்கு பந்தயம், நான்கிலும் இரண்டாவது இடம். என் வாய் சும்மா இருக்குமா.

"மக்கா, இந்தத் தடவையும் ரெண்டாவதா வந்தா இந்தக் கடையில உனக்குக் காத்து கிடையாது, பாத்துக்கோ."

அவனும் பதிலுக்குப் பதில் சொன்னான். சிரித்தோம். போனான்.

ஞாயிறு. கடைசிச் சுற்று. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். அப்படியே வந்திருக்கலாம். வளைவில் முன்னால் போனவனை உள்பக்கமாக முந்தப் பார்த்தான். வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தேன்.

மாலை போட்டு முடிந்ததும் பிச்சையாவுக்கு எல்லா வருடமும் ஒரே பேச்சு: "சும்மா ரெண்டாவதா வந்திருந்தா போதும்லா. முதல்ல வரணும்னு எவன் கேட்டான்?"

நான் கேட்டேன்.

ஒருவருக்கும் தெரியாது. சரசுக்கும் தெரியாது. என்னைக் கண்டாலே சிரிக்கத் தயாராக நிற்பார்கள் எல்லாரும், அவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. வருடத்துக்கு ஒரு தடவை, வண்டிகள் உறுமுகிற அந்த நிமிடம் மட்டும், டயரைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்காது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பேரையும் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால் அடிக்க வருவார்கள்.

வண்டி குறையக் குறையச் சத்தம் குறைகிறது. வேறு கவலை இல்லை, அதுதான்.

ஜூலை 18, வெள்ளி

சாரல். ஆணி வாங்க மறந்தேன்.

தோவாளைச் சந்தை. மாலை கட்டுகிற கடையில் புது ஆள். சாமிக்கா, மாப்பிள்ளைக்கா, துட்டி வீட்டுக்கா என்று கேட்டான். டயருக்கு என்றேன். ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "எத்தன இஞ்சு டயரு?" என்றான். தொழில்காரன். பிச்சியும் சிவப்பு அரளியும், நடுவில் கேந்தி வேண்டாம் என்று சொல்லி வந்தேன்.

சரசு வீடியோவில் வந்தாள். பேத்தியைக் காட்டினாள். தூக்கம். நான் பார்க்கிற நேரமெல்லாம் தூக்கம்தான், என் குரல் அப்படி.

"சாப்பிட்டியளா?"

நீ போன பிறகுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறேன் என்றேன். சிரித்தாள். சிரித்தவுடன், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"என்னது, மாத்திரை போடலியா?"

மாத்திரைதான் என்றேன். திட்டினாள். லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிடவில்லை, அவளும் நானும்.

தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன்.

ஜூலை 20, ஞாயிறு

சவரம் செய்தேன், தாடையில் வெட்டு. மாலை அளவு கச்சிதம்.

வந்தவர்கள்: நான். பிச்சையா, சத்தமில்லாத ஸ்கூட்டரில் பின்னால் வந்து நின்று தோளைத் தொட, நான் துள்ளிவிட்டேன். டெம்போ ஜார்ஜ், மீன் பெட்டி வாடையோடு. ஒழுகினசேரித் தபால்காரர், பைக். அவ்வளவுதான். பத்தரை வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஜார்ஜ் கழுத்தைத் திருப்பினார்.

ஒரு ஆட்டோ நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். கையில் கண்ணாடி கீறிய பழைய போன். சஜினின் அக்கா, ஷைனி. குவைத்தில் நர்ஸ். அன்று அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்துசேர முடிந்ததாம், அதன் பிறகு இப்போதுதான் ஊருக்கு வருகிறாளாம். அவன் போனைத் தன்னோடு கொண்டுபோய்ச் சார்ஜ் மட்டும் போட்டு வைத்திருந்தாளாம், திறந்ததில்லையாம். செவ்வாய்க்கிழமைதான் திறந்தாளாம்.

டவர் கதை தீர்ந்தது. மூச்சு வந்தது.

மாலை போட்டோம். ஒரு நிமிடத்தை ஆரம்பித்தோம். சத்தத்துக்கு டெம்போவும் பைக்கும்தான். பிச்சையா சொன்னபடி வாயால் போட்டார், இருமலில் முடிந்தது. அந்தப் பெண் சிரித்தாள். ஜார்ஜ் ஆக்சிலேட்டரை அமுக்கினார், டெம்போ நன்றாகத்தான் கத்தியது. போதும் என்று தோன்றியது. டயரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். சத்தத்துக்கு மேல் பேச வேண்டுமே, நானும் கத்தித்தான் சொல்வேன்.

பாதியில் டெம்போ ஒரு உதறு உதறி நின்றது. நிமிடம் முடிந்தது என்று நினைத்துத் தபால்காரரும் சாவியைத் திருப்பிவிட்டார்.

என் தொண்டை மட்டும் நிற்கவில்லை. வெட்டவெளியில்: "ரெண்டாவதா வந்தா காத்து கிடையாதுன்னு நாந்தான சொன்னேன் மக்கா."

காற்று கூட அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது.

முதலில் சிரித்தவர் பிச்சையா. "ஏ தாணு, செத்தவன்கிட்டயும் உனக்கு வம்புதானாவே?" ஜார்ஜ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இந்த வருட ஜோக் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

ஷைனி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

டீ குடித்துக் கலைந்தோம். பிச்சையா ரெண்டாவதா வந்திருந்தா போதும்லா என்று தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டு என் பக்கம் பார்த்தார். ஏதாவது பிடிபட்டதோ என்னவோ. ஸ்கூட்டர் போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆறு வருடமாகச் சொல்ல முடியாததைச் சொல்லியாயிற்று. சொன்னதற்குச் சிரித்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

ஆணி வாங்கி அடித்தேன். நான்கு. பெருவிரலில் ஒன்று.

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் கடை முன்னால் நின்றது. நம்பரைப் பார்க்கும் முன்பே வண்டி தெரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்தேன்.

ஷைனி. தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். ஸ்டெப்னி கேட்டு வந்திருப்பாள் என்று டயரை எடுக்கப் போனேன். அது இங்கேயே இருக்கட்டும் என்றாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

நேற்று சொன்னது விளையாட்டுக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவன் கடைசியாக வந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன், முழுக்க. என் வாயிலிருந்து ஒரு கேலியும் வராமல் இத்தனை நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் அண்ணாச்சி?"

அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை, டயரிடம்கூட. சொன்னேன். "உங்க காத்துதான் அண்ணாச்சி என்னை ரெண்டாவது ஆக்குது. ஒருக்கா வேற கடையில அடிச்சுப் பாக்கட்டா?"

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. அவனுக்கும் தோளில்தான் சிரிப்பு வரும்.

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேலைக்குப் போவாம கார் ஓட்டுகான்னு கோவம். ஒரு வருசம் நான் அவன்கூடப் பேசல்ல. கடைசியா ஒரு பேச்சு உங்களுக்காவது இருக்கு."

ஸ்டூலை இன்னொரு தடவை துடைத்தேன்.

அவன் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்ன மாதிரியே. மணக்குடி இழுப்போடு சொன்னேன். எனக்கு அவன் குரல் நன்றாக வரும், அவன் முன்னாலேயே செய்து காட்டி அடி வாங்கியிருக்கிறேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

கிளம்பும்போது, "காத்து அடிங்க அண்ணாச்சி, நாலுக்கும்" என்றாள்.

கம்ப்ரசரைப் போட்டேன். முதல் சக்கரத்தில் மீட்டரை வைத்தேன். முப்பது, வேண்டிய அளவு சரியாக. மற்ற மூன்றிலும் முப்பது. வரும் வழியில் எங்கோ அடித்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இறக்கிவிட்டு, மறுபடி அடித்தேன்.