சுண்டுவின் தட்டில் மீன்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது நீ வந்து சுண்டுவைப் பார்த்துக்கொண்டாய். அதை மறக்கமாட்டேன். ஆனால் நீ கிளம்பிப் போனதிலிருந்து என் மகள் என்னை யாரோ மாதிரி பார்க்கிறாள்.

நான் மீன் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு "பெரிம்மா" என்கிறாள். இவர் வேறு குத்திக்காட்டுகிறார்: "உங்கக்கா ஊட்டினா தட்டுல முள்ளு மட்டும்தான் மிஞ்சும்." போன மாதம் அவளுக்கு எடை ஏறவில்லை. இந்த வயதில் மூளைக்கும் கண்ணுக்கும் மீனில் இருக்கிற ஒமேகா-3 நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பெரிய மீனில் பாதரசம் அதிகம் என்று மத்திதான் வாங்குகிறேன். ஆவியில் வேகவைத்து, இடுக்கியால் முள்ளெடுத்துத் தட்டோரம் ஒதுக்கி, கேரட்டோடு மசித்து... இவ்வளவு படித்தும் பெற்ற பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கத் தெரியவில்லை.

நீ அப்படி என்னதான் போட்டாய்? உப்பா, சர்க்கரையா? மறைக்காமல் எழுது.

கொஞ்சம் கோபத்துடன்,
உன் தங்கை

மார்ச் 9

என் சண்டைக்காரத் தங்கச்சிக்கு,

சர்க்கரையும் போடவில்லை, சொக்குப்பொடியும் போடவில்லை. நீ செய்கிற மாதிரிதான் செய்தேன்.

ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன் வாடை ஆகாது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ எழுந்து வந்து ஊட்டினாயே, அப்போது சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். மூக்கில் துப்பட்டா, கையில் ஸ்பூன், முகம் சுவர்ப்பக்கம். வாய் மட்டும் "நல்லா இருக்கும்டா" என்கிறது. அவள் ஸ்பூனையா பார்த்தாள்? உன் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். வேறு வித்தை எதுவும் இல்லை.

அவள் சத்தம் கேட்டுப் பழகிவிட்டு வந்தேனா, இந்த வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

ஆசையுடன்,
அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. கிழிக்கவில்லை, போய் மத்தி வாங்கி வந்தேன்.

துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு சுண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மசிக்கவில்லை, முள்ளெடுத்த முதல் துண்டை நானே வாயில் போட்டேன். குமட்டியது, கண்ணில் நீர் கோத்தது, முழுங்கிவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் கையால் இன்னொரு துண்டு எடுத்து என் வாயில் திணித்தாள். அதையும் தின்றேன். பிறகுதான் தன் வாயைத் திறந்தாள். இன்றைக்கு வெறும் முள் கிடந்த தட்டை இவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

ஆனால் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வராதே. அதற்கடுத்த வாரமும் வேண்டாம். உன்னைக் கண்டால் என் கையை விட்டுவிடுவாள். மீனைப் பார்த்ததும் அவள் என்னைத் தேடட்டும், அப்புறம் நானே கூப்பிடுகிறேன்.

கை கழுவிவிடும்போது வாசலைப் பார்த்து "பெரிம்மா?" என்றாள். நீ தூங்குகிறாய் என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே,
உன் தங்கை