உன் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லை, அண்ணா

ஸ்டார்ட் பண்ணும் சத்தத்திலேயே வண்டியின் கோளாறைச் சொல்லிவிடும் என் அருமை அந்தோணி அண்ணா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். உன் வண்டியின் இன்ஜினில் ஏதோ சரியில்லை என்று ஊரிலேயே முதலில் சொன்னவன் நான்தான். நீ இருந்தபோது என் பேச்சை யார் கேட்டீர்கள்? ஒன்பதாவதோடு நின்றவன் என்று சிரிப்பீர்கள். நான் காவல் நிற்கும் கம்பெனியில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வெளியே போக முடியாது, தெரியுமா? போன மாதம் ஜப்பான்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போல ஓர் ஆள் எங்கள் நாட்டிலேயே இல்லை என்று கண் கலங்கினார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னார்.

அப்பேர்ப்பட்ட எனக்கே ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்னும் நம்ப முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு உன் வண்டியை ஜெனிதான் ஓட்டுகிறாள். தண்டலத்து வீட்டிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கும் திரும்பவும். உன் மகள் உன்னைப் போலத்தான். பாட்டு போட மாட்டாள், ஊசிகளைப் பார்த்துக்கொண்டே போவாள். வெப்பம் காட்டும் ஊசி ஒரகடம் போய்ச் சேரும் வரை அடியிலேயே கிடக்கிறது, நடுவுக்கு ஏறுவதே இல்லை, டீசலும் ஏகத்துக்குக் குடிக்கிறது என்றாள். கம்பெனியில் விசாரித்ததில் தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்றார்களாம். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து, சூடானதும் வாய் திறக்கிற சின்ன வால்வு. திறந்த வாய் மூடாமல் சிக்கிக்கொண்டால் இன்ஜினுக்குச் சூடே ஏறாது. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

ஆனால் அவளுக்கு வண்டிக் கவலை பெரிதில்லை, அண்ணா. அவள் இப்போது பிரேக்குக்குப் போகிற ஒரு பாகத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறாள். லைன் பின்தங்கிவிட்டது, இந்த ஒரு லாட் பாகங்களுக்குக் கசிவு டெஸ்ட் வேண்டாம், கையெழுத்தை மட்டும் போடும்மா என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்றாராம். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். "அப்பா இருந்தா போடுவாரா சித்தப்பா?" என்று என்னைக் கேட்டாள்.

நீ போட மாட்டாய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூட உடுப்பில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மெக்கானிக் ஒருவன், "நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வு இன்னாத்துக்கு சார், எல்லா வண்டியிலயும் புடுங்கித்தான் வுடறோம்" என்றான். நீ சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியவன், வீடு வரும் வரை திட்டினாய். கம்பெனி போட்ட ஒன்றை அவசியமில்லை என்று சொல்ல நீ யார், நான் யார் என்று. மறைமலை நகர் கார் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க லைனில் நின்றவன் பேச்சு அது. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் ஜெனி.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். முதலில் புது தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும் என்றாள். நூலில் கட்டி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டேன். அண்ணி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, அது என் பால் குண்டான். அதுல இன்னாத்தப் போட்டு வேக வெச்சிக்கினு கீற?"

"தெர்மோஸ்டாட் அண்ணி. சூடானா வாயத் தொறக்கும்."

"உன்ன மாதிரி இல்ல பாரு. நீ ஆறிப்போனாலும் மூட மாட்ட. வெந்துச்சின்னா எட்து வை, பால் காய்ச்சணும்."

அது கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்ததை மூவரும் குனிந்து பார்த்தோம். உன் காரியம் முடிந்த பிறகு அண்ணி சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆறிக்கிடந்த இன்ஜினுக்கடியில் வாளியை வைத்துத் தண்ணீரை இறக்கினோம். ஜெனி ரப்பர் குழாயைக் கழற்றி, தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தினாள். மூடி சுலபத்தில் வரவில்லை, நீலப் பசை தடவி ஒட்டியிருந்தது. தட்டித் தட்டி எடுத்தாள். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, உள்ள ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாரு. அடைஞ்சிக்கினு இருக்கும்."

"கைய வுட்டே பாத்துட்டேன். வெறும் ஓட்டை."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். இல்லை, அண்ணா. கெட்டுப் போன தெர்மோஸ்டாட் இல்லை. தெர்மோஸ்டாட்டே இல்லை.

"அவரு வண்டிய வேற யாருகிட்டயும் குட்த்ததே இல்லியே" என்றார்கள் அண்ணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே புரிந்தது. அந்தப் பசையை வேறு யாரால் அவ்வளவு சீராகத் தடவ முடியும்? ஓரத்தில் ஒரு பொட்டு பிசிறு இல்லை. உன் கைதான். என் வண்டி சூடே ஆகாது என்று நீ பெருமையடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நான் புளுகுவேன், உலகத்துக்கே தெரியும். நீயா, அண்ணா?

ஜெனி அழவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ அப்பாவும் அப்டித்தான். நான் மட்டும் இன்னாத்துக்கு முறைச்சிக்கினு நிக்கணும்? நாளைக்குப் போட்டுட்றேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"ஏய், உனுக்குத் தெரியாது. நீ ஆஸ்டல்ல இருந்த. உங்கம்மாக்கு மூச்சே வுட முடியல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில செம்பரம்பாக்கம் ஏரிக்கரையாண்ட வண்டி புகைஞ்சி நின்னுடுச்சி. வால்வு தொறக்கவே இல்ல. உங்கப்பன் கொதிக்கிற இன்ஜின்ல கைய வுட்டுப் புடுங்கிக் கடாசிட்டு, ஏரித் தண்ணிய மொண்டு ஊத்தி ஓட்டிக்கினு போனாரு. நான்தான் கூட இருந்தேன். கை கொப்பளிச்சிப் போச்சி. மறுநாள்தான் பசை தடவி மூடுனாரு. புதுசு போட்டுடணும், பாப்பாவுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு சொல்லிக்கினே இருந்தாரு. அதுக்குள்ள..."

ஜெனி அம்மாவைப் பார்த்தாள். அண்ணி முந்தானையால் கையைத் துடைத்தார்கள்.

"ஆமா. மழை வேற" என்றார்கள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துக்குவன்னுதான்."

ஜெனி மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்தாள். பழைய பசையைச் சுரண்டினாள், புதியதை உட்கார வைத்தாள், மூடியை முடுக்கினாள். கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தாள். மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தோம். மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. டெஸ்ட் பண்ணாமல் போட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். லாட் இன்னும் கிடங்கில்தான் கிடக்கிறதாம், மேலே இருந்து யாரோ வந்து பார்க்கப் போகிறார்களாம். என்ன ஆகுமோ தெரியாது. "அம்மா உயிருக்குப் போராடும்போது அப்பா கழட்னாரு. இவுங்க லைன் லேட்டுன்னு கழட்டச் சொல்றாங்க" என்றாள்.

அவள் போன பிறகு அண்ணியிடம் கேட்டேன். "இன்னா அண்ணி, மழைன்னுட்டீங்க?"

"நீ ஏரிக்கரை வரைக்கும் இட்டுக்கினு போய்ட்ட. நான் கொஞ்சம் மழை பேய வெச்சா இன்னா?"

ஆமாம் அண்ணா. அந்த ஏரிக்கரை நான் கட்டியது. அண்ணிக்கு மூச்சுத் திணறவில்லை, உன் கை கொப்பளிக்கவில்லை, நான் உன்கூட வரவும் இல்லை. இத்தனை வருஷம் எத்தனையோ அவிழ்த்து விட்டிருக்கிறேன், ஒருவரும் ஒன்றையும் நம்பியதில்லை. இந்த ஒன்றை அவள் நம்பி, அதன்மேல் ஏறி நின்றுவிட்டாள். அந்த அதிர்ச்சிதான் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ ஏன் கழற்றினாய்? பார்ட் கிடைக்கவில்லையா? வெறும் சோம்பலா? அந்த மெக்கானிக் சொன்னது சரிதான் என்று பிறகு தோன்றியதா? நீ சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் கதையில் இனி ஒரு துளி மழைகூட நான் சேர்க்க மாட்டேன். ஜெனி என்றைக்காவது என் முகத்தைப் பார்த்து, நிஜமா சித்தப்பா என்று கேட்டால், அன்றைக்கு உண்மையைச் சொல்வேன். அதுவரை அந்த ஏரிக்கரையில் நீயே நில்.

உன் பேரைக் காப்பாற்றப் புளுகிய உடன்பிறப்பு,
ஜெனியின் சித்தப்பன்
சூசை