புளித்துப்போன வெடிமருந்து

செவ்வாய், மார்ச் 6, 1951

காலையில் தூறல். தோட்டத்து ரப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கின்றன. ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொள்ள இன்று பதினேழு பிள்ளைகள். இரண்டுக்குச் சளி, ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. துணி அலசியே பாதி நாள் போயிற்று. சீனி தீர்ந்துவிட்டது, கேட்க வேண்டும்.

மத்தியானம் இவர் பால்வெட்டு முடிந்து வந்தபோது முகம் சரியில்லை. ஊர்க்காவலுக்குத் தோட்டத்துத் துரை எட்டுப் பேரின் பெயரைக் காலைப் பெரட்டில், ஆட்கள் கூடி நிற்கும்போது, வாசித்தாராம். அதில் இவரும் ஒருவர். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நாலு துப்பாக்கி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் வராமல் முறை போட்டுக்கொண்டு முள்கம்பி வேலியைச் சுற்ற வேண்டும். போலீசில் கொடுத்த தோட்டா ஆளுக்கு மூன்றே மூன்று. சுட்டுப் பழக ஒன்றும் கிடையாது.

அதற்குத் துரை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பன்றி சுடுவதற்காக முன்பு அவர் வைத்திருந்த வெடிமருந்து மூன்று டின். சப்பான்காரன் வந்தபோது பங்களாவுக்குப் பின்னால் புதைத்துவிட்டு ஓடியவர், இப்போது தோண்டி எடுத்திருக்கிறார். சுட்டுப்போட்ட பழைய அட்டைத் தோட்டாக்களில் அந்த மருந்தை நிரப்பி ஆட்களைப் பழக்கப் போகிறாராம்.

"எத்தனை வருஷமா மண்ணுக்குள்ள கெடந்துச்சு?" என்றேன்.

"ஒம்போது பத்து இருக்கும்லா."

"நல்லாருக்குன்னு யாரு பாத்துச் சொன்னது?"

"தொரை மருந்து. தொரை சொன்னா சரிதான்."

என்ன சரி? என் அப்பா மலாக்கா டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் தோட்டா நிரப்பினவர். தங்கா பத்து என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருவார். பள்ளி லீவு நாளில் நானும் கூடப் போய் மருந்து நிறுத்துக் கொடுப்பேன், அட்டை வில்லை அமுக்குவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு டின்னையும் திறந்து மோந்து பார்ப்பார்கள். கெட்டதைக் கொட்டிவிடுவார்கள். கெட்ட மருந்தின் வாடை எனக்குத் தெரியும். அப்பா சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. மூக்கு என்னிடம் இருக்கிறது.

"நான் பாக்காம அதுல ஒரு தோட்டாவும் நீங்க தொடக்கூடாது."

"பொம்பள போயி மருந்து பாக்குறதா? சிரிப்பாங்க தனம்."

சிரிக்கட்டும்.


வியாழன், மார்ச் 8

நல்ல வெயில். பிள்ளைகளை அஞ்சலையிடம் விட்டுவிட்டுப் பால் ஸ்டோருக்குப் போனேன். டின்கள் அங்கேதான். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியும், ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரப்பனும் இருந்தார்கள். (பெரிய கிராணியை இனி பெ.கி. என்றே எழுதுவேன். அவருக்கு அவ்வளவு மை போதும்.) பெ.கி. சிரித்தார். மண்டோர்தான், "இதோட அப்பன் தோட்டாக் கடையில இருந்த ஆளுங்க, பாக்கட்டுமே" என்றார்.

முதல் டின்: மூடியின் உள்பக்கம் துரு. திறந்ததும் புளிப்பு வாடை, கண் கரித்தது. மருந்தின் மேலே செங்கல் தூள் மாதிரி சிவப்புத் தூசி.

இரண்டாவது: கட்டி கட்டியாக. வாடை கொஞ்சம் குறைவு, ஆனால் அதே புளிப்பு.

மூன்றாவது: மூடியைச் சுற்றி அடைத்த மெழுகு அப்படியே இருந்தது. மணி மணியாக உதிர்ந்தது. லேசாக ஸ்பிரிட் வாசனை. துரு இல்லை.

"மொத ரெண்டும் கெட்டுப்போச்சுங்க ஐயா. மூணாவது நல்லாருக்கு."

பெ.கி. மூலையில் இருந்த ஜாடியைக் காட்டினார். பால் உறைய வைக்கும் ஆசிட். "ஸ்டோர் பூராவும் அந்த நாத்தந்தாம்மா. மருந்து என்ன செய்யும்?"

அது நியாயமான பேச்சு. யோசித்தேன். மூன்று டின்னையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், வெளியே காற்றடிக்கும் இடத்தில் திறந்து வைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி மோந்தேன். முதல் இரண்டும் அதே புளிப்பு. மண்டோரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். மோந்தார். தும்மினார்.

"அப்ப மூணையும் ஒன்னாக் கலந்துருவோம்" என்றார் பெ.கி. "அரிசியில ரெண்டு புழு இருந்தா மூட்டையோடயா கொட்டுறோம்?"

"அரிசி வெடிக்காதுங்க ஐயா."

மண்டோர் சிரித்துவிட்டார். பெ.கி. முகம் சிவந்தது. நான் விடவில்லை. கெட்ட மருந்து எப்போது எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாது, ஒரு நேரம் புஸ்ஸென்று போகும், ரவையும் அட்டையும் குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் கிழியும், பிடித்திருப்பவன் கை போகும் என்று சொன்னேன். கலந்தால் நல்லதும் கெடும், கெட்டது நல்லதாகாது.

"எல்லாந் தெரிஞ்சவளா இருக்கியே. அப்ப நீயே வந்து நெரப்பு. சனிக்கெழம. தொரை உத்தரவு."

முதல் டின்னிலிருந்து ஆறு தோட்டாவை பெ.கி. ஏற்கெனவே நிரப்பி வைத்துவிட்டாராம். வெளியே வரும்போதுதான் மண்டோர் சொன்னார்.


வெள்ளி, மார்ச் 9

சீனி வந்தது. பாதி ஈரம்.

குழாயடியில் காதில் விழுந்தது: "தனத்துக்குக் கொழுப்பு. கிராணியாரையே எதுத்துப் பேசிட்டாளாம்." "புருஷன் துப்பாக்கி புடிக்கப் போறான்ல, அதான் இவ வாயில வெடிக்குது." குடத்தை வைத்துவிட்டு நின்று முழுவதும் கேட்டேன். அவர்கள்தான் போய்விட்டார்கள்.

சாயந்திரம் இவரோடு சண்டை. பெரிய சண்டை.

"காலம் எப்பிடி இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? பொட்டணத்துல ஒரு புடி சோறு கொண்டு போனாலே காட்டுக்காரனுக்கான்னு கேட்டுப் போலீசு புடிக்கிறான். லூபோக் சீனா பக்கம் போன மாசம் மூணு பேர லோரியில ஏத்திட்டுப் போனான். இன்னும் வரல. தொரை வேலைய நீ தடுத்தா என்ன சொல்வான்? காட்டுக்காரனுக்குக் கூட்டுன்னு சொல்வான்."

"சொல்லட்டும்."

"ஞாயித்துக்கெழம நாந்தான் மொத ஆளாச் சுடணுமாம். போயிருவேன். ஒரு தடவதானே, ஒன்னும் ஆவாது."

அதுவரை இது எனக்குத் தெரியாது. முதல் ஆள். பெ.கி. தான் பெயர் சொல்லியிருக்கிறார். என் வாய்க்கு இவர் கை.

சாப்பிடவில்லை இருவரும். புளிக்குழம்பு அப்படியே இருக்கிறது.


சனி, மார்ச் 10

செய்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். பத்து மணிக்கு ஸ்டோருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். மேசையில் தராசு, காலித் தோட்டா, ரவை, அட்டை வில்லை எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். பெ.கி. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பால் ஊற்ற வந்த ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். முப்பது பேர் இருக்கும்.

மூன்றாவது டின்னை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். முதல் இரண்டையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியே வாளி கழுவும் தொட்டிக்குப் போனேன். கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் நிரம்பி வழிந்தது. துடைப்பக் கட்டையால் கலக்கினேன். எதையும் மறைத்துச் செய்யவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

பெ.கி. ஓடி வந்தார். "ஏய்! ஏய்! தொரை மருந்தும்மா அது!"

"கெட்ட மருந்துங்க ஐயா."

"இதுக்கு என்ன பேரு தெரியுமா? நாச வேல! பெங்கானாசுக்கு ஒத்தாச! இப்பவே மாத்தா-மாத்தா ஸ்டேசனுக்குப் போன் போடுறேன்."

பெங்கானாஸ் என்றால் காட்டில் இருப்பவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வரிசையில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். நான் துடைப்பக் கட்டையைக் கீழே வைத்தேன்.

"போடுங்க ஐயா. நானும் இருக்கேன். போலீஸ் குடுத்த தோட்டா எத்தன, நீங்க நெரப்பி வச்ச தோட்டா எத்தன, எல்லாத்தயும் எண்ணிக் காட்டுங்க."

கணக்கில் இல்லாத ஒரு தோட்டா வைத்திருந்தாலே தூக்கு என்று நோட்டீஸ் ஆபீஸ் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவரே பெ.கி. தான். போன் போடவில்லை.

துரை வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் இப்படி செஞ்சே?" என்று அவருடைய தமிழில் கேட்டார்.

சொன்னேன். சிவப்புத் தூசி, துரு, புளிப்பு, வெளியே வைத்து மறுபடி மோந்தது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "என் மருந்து நல்ல மருந்து. நாளைக்கு சுட்டுக் காட்டறேன். அப்பறம் நீ பேசு" என்று போய்விட்டார். நிரப்பி வைத்த ஆறு இருக்கிறதே.

கையெல்லாம் எரிகிறது. தேங்காயெண்ணெய் போட்டேன்.


ஞாயிறு, மார்ச் 11

காலை எட்டு மணி. மப்பு. பந்து விளையாடும் திடல். எட்டு ஊர்க்காவலர், துரை, பெ.கி., மண்டோர், லயத்து வீடுகளிலிருந்து பாதி ஜனம். கோலா சுங்கை பாருவிலிருந்து மீன் கொண்டு வந்த தம்பியும் கூடையை இறக்கிவிட்டு நின்றுவிட்டார். திருவிழாக் கூட்டம்.

துரை இவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். இவர் வாங்கினார். தோட்டாவையும் வாங்கினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். தோட்டாவைப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார்.

பிறகு துப்பாக்கியைப் புல்லின் மேல் மெதுவாக வைத்தார்.

"நான் சுடலீங்க தொரை. மரத்துல கட்டிச் சுடுங்க."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இவர் ஒரு துரையிடம் 'இல்லை' சொல்லி நான் கேட்டதில்லை. இவரும் கேட்டிருக்க மாட்டார்.

பெ.கி. கத்தினார். துரை கையைக் காட்டி அடக்கினார். "சரி. கட்டு."

பட்ட மரத்தின் கவட்டையில் கயிற்றால் கட்டினார்கள். விசையில் நீளமாக ஒரு நூல். எல்லோரையும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போகச் சொல்லி நான்தான் விரட்டினேன். மண்டோர் நூலை இழுத்தார்.

புஸ்.

அவ்வளவுதான். ஈர விறகு மாதிரி கொஞ்சம் புகை. ஜனம் சிரித்தது. பெ.கி. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். "இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்! கொசு கூடச் சாவாது!"

"கொழாய்க்குள்ள பாருங்க. உள்ள சிக்கியிருக்கும்" என்றேன். துரைக்கு முகமெல்லாம் வெட்கம், கோபம். காது கொடுக்கவில்லை. "இன்னொன்னு போடு" என்றார். மண்டோர் போட்டுவிட்டு ஓடி வந்தார். இழுத்தார்.

சத்தம் நெஞ்சில் அடித்தது. காக்கையெல்லாம் எழும்பின. புகை கலைந்ததும் போய்ப் பார்த்தோம். குழாய் நடுவில் வாழைப்பூ மாதிரி விரிந்து கிடந்தது. இடது கை பிடிக்கும் கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு மரத்தில் குத்திக்கொண்டு நின்றது.

மீன்காரத் தம்பி "ஆத்தாடி" என்றார்.

துரை மீதி நாலு தோட்டாவையும் வாங்கி, கத்தியால் வெட்டி, மருந்தைக் கால்வாய்த் தண்ணீரில் கொட்டினார். தானே. என்னிடம் ஒரு சொல் இல்லை. வேண்டாம்.

இவர் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "நீ சொன்னது சரிதான் தனம்." தெரியும் என்றேன்.


செவ்வாய், மார்ச் 13

மழை. கொட்டகை ஒழுகுகிறது. தொட்டில்களை நகர்த்திக்கொண்டிருந்தபோது ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

நாளைக்கு இன்ஸ்பெக்டர் துப்பாக்கிகளைச் சோதிக்க வருகிறார். நாலில் ஒன்று கிழிந்து கிடக்கிறது. கணக்குச் சொல்ல வேண்டும். பெ.கி. தமிழில் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் மை தடவிய பலகை.

"இங்க கைநாட்டு வையி. சும்மா ஒரு முறைக்குத்தான்."

எடுத்துப் படித்தேன். ஆயா தனலட்சுமி அனுமதி இல்லாமல் ஸ்டோருக்குள் புகுந்து, அறியாமையால் மருந்தில் தண்ணீர் கலந்ததால், அதைச் சுட்டபோது துப்பாக்கி வெடித்தது. மன்னிக்க வேண்டும். இதுதான்.

நான் படிப்பதைப் பார்த்து அவருக்கு வேர்த்தது. "ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுதவும் தெரியும்."

அவர் பேனாவையே எடுத்தேன். தாளைத் திருப்பி எழுதினேன்:

'மருந்து கெட்டது என்று வியாழக்கிழமையே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை தெரிந்துதான் தண்ணீர் ஊற்றினேன். வெடித்தது நான் தண்ணீர் ஊற்றிய மருந்து அல்ல, அதற்கு முன்பே நிரப்பிய தோட்டா. நிரப்பியது யார் என்று கேட்டால் சொல்வேன்.' கீழே முழுப் பெயர்.

துரை உள்ளே வந்தார். "என்ன எழுதிச்சு? படி." பெ.கி. முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார். "எல்லாம் படி" என்றார் துரை. படித்தார். கடைசி வரியை முணுமுணுத்து முடித்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட இதே சொல்வியா?"

"கேட்டா சொல்வேன் தொரை."

பெ.கி.யிடமிருந்து தாளை வாங்கி மடித்தார். "போ."


வியாழன், மார்ச் 15

நேற்று இன்ஸ்பெக்டர் வந்து போனார். என்னைக் கூப்பிடவில்லை. பங்களா சமையற்காரர் சொன்னது: துரையே, தன் பழைய மருந்தைச் சோதித்ததில் குழாய் போய்விட்டது என்றாராம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு டீ குடித்தாராம். வெள்ளைக்காரர் சொன்னால் விபத்து. நாங்கள் சொல்லியிருந்தால் லோரி.

இன்று காலைப் பெரட்டு. பெ.கி. பெயர் வாசித்தார். என் பெயர் ஆயாக் கொட்டகையில் இல்லை. வெளிக்காட்டு வேலையில், மண்வெட்டியால் புல் செதுக்கும் கும்பலில் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "மன்னிப்பு எழுதிக் குடுத்தா நாளைக்கே கொட்டகைக்குத் திரும்பலாம். யோசிச்சுச் சொல்லட்டும்."

நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். இவர் வரிசையில் ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

"மண்வெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.