இடது கை இல்லாத சட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பன்னிரண்டு சட்டைகள் தேய்த்தேன். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்து நிற்கிறது. நின்றுகொண்டே செய்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். விட்டுவிட்டு? அவர் வீட்டில் போய் உட்காரவா?

ஆனால் இன்று ஒரு நல்ல சேதி. ஹோட்டலில் எங்கள் சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார். அந்த வேலைக்கு ஒரு மேஜை உண்டு, ஒரு நாற்காலியும் உண்டு. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியை நான் பார்க்கிற மாதிரி என் புருஷனை ஒரு நாளாவது பார்த்திருந்தால் மனுஷன் கிறுகிறுத்துப் போயிருப்பார்.

ஒரே சிக்கல்: தினசரி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். அதற்கு ஒரு பரீட்சை. வேலை முடிந்ததும் ஹோட்டலிலேயே வகுப்பு.

மார்ச் 7, வெள்ளி

பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். நானும் கஞ்சியும்.

கஞ்சி அவள் பெயர் இல்லை. துணிக்குக் கஞ்சி போடுகிற மேஜையில் இருபது வருஷம் நின்றதால் வந்த பட்டம். பேச்சிலும் அந்த விறைப்பு உண்டு. நான் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு விருந்தாளியின் கோட்டைத் தேய்க்கும்போது கருக்கிவிட்டேன். ‘நான்தான் கருக்கினேன்’ என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, எனக்காகத் திட்டு வாங்கியவள் இவள். அவளுக்கும் முழங்கால் போய்விட்டது. நாற்காலி ஒன்றுதான். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

டீச்சர் என் மகள் வயசுப் பெண். அவரவர் வேலையிலிருந்து ஒரு வினைச்சொல் எடுக்கச் சொன்னார். நான் ‘அயர்ன்’ என்றேன். கஞ்சியும் அதையே சொன்னாள். நல்ல சொல்லாம், ஒழுங்கான சொல்லாம். சில சொற்கள் காலம் மாறினால் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடுமாம். இது வாலில் ஈ, டி என்று இரண்டு எழுத்தை ஒட்டிக்கொண்டு பேசாமல் இருக்குமாம். நடுவில் இருக்கிற ‘ஆர்’ எழுத்தை அழுத்திச் சொல்லக் கூடாதாம். சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மேனேஜர் மாதிரி.

பரீட்சைக்கு மொத்தம் ஆறு காலம். நமக்கு மூன்று போதுமாக இருந்ததே! நேற்றுத் தேய்த்தேன், இன்று தேய்க்கிறேன், நாளையும் தேய்ப்பேன். இந்தப் பிழைப்புக்கு இன்னும் மூன்று எதற்கு?

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

நின்றுவிட்டது! சட்டை தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. ஒரு சட்டையை நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் தேய்ப்பேன். காலர்: ஐ அயர்ன். தோள்: ஐ ஆம் அயர்னிங். வலது கை: ஐ அயர்ன்ட். இடது கை: ஐ ஹேவ் அயர்ன்ட். முதுகு: ஐ ஹேட் அயர்ன்ட். முன்பக்கம்: ஐ வில் அயர்ன். ஆறு இடம், ஆறு காலம். சாயங்காலத்துக்குள் எண்பது சட்டையில் எழுதிப் பார்த்துவிட்டேன், பேனா இல்லாமல்.

கஞ்சி ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. மகளுக்குப் பிரசவம்.

மார்ச் 24, திங்கள்

கஞ்சி வந்துவிட்டாள். பேத்தியாம். விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுடி என்றாள். சட்டையை விரித்து வைத்துச் சொன்னேன். காலர், தோள், வலது கை, முதுகு, முன்பக்கம்.

இடது கையைச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் மறக்கவில்லை. வாய் வரை வந்தது, கால் விண்ணென்று தெறித்தது, விழுங்கிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காலையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பிக்கிறோம். ஐந்து, ஐந்து, ஐந்து. துணி மடிக்கிற பெண்களுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது. கஞ்சி ஒன்றும் கேட்கவில்லை. அவ்வப்போது என் முகத்தை மட்டும் பார்க்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

நாளை சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பரீட்சை. முதல் கேள்வியே அதுதான்: உங்கள் வினைச்சொல்லை ஆறு காலங்களிலும் எழுதுக. காலர் எழுதினேன். தோள், வலது கை எழுதினேன். அடுத்தது முதுகு, முன்பக்கம். எண்ணிப் பார்த்தால் ஐந்து. ஆறாவது எங்கே?

வரவே இல்லை. பதினாறு நாளாக அவளோடு ஐந்தையே ஓதி ஓதி என் சட்டையிலும் கை போய்விட்டது. அவளுக்குத் தைத்த சட்டையை நானே மாட்டிக்கொண்டேன். கடைசியில் முன்பக்கத்தையே இன்னொரு தரம் தேய்த்து வைத்துவிட்டு வந்தேன். கஞ்சி எனக்கு முன்னாலேயே எழுதி முடித்து எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

இரண்டு மார்க்கில் போனது. நாற்காலி கஞ்சிக்கு.

ஏப்ரல் 17, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான் மறைத்தேன் என்றேன். தலையணை உறைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“அன்னைக்கே தெரியும்டி. ஒத்தக் கையோட சட்டை எங்கடி இருக்கு?”

மறுநாளே டீச்சரிடம் கேட்டுக்கொண்டாளாம். அப்புறம் ஏன் என்னோடு ஐந்தையே ஒப்பித்தாய் என்றேன்.

“நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை. கழிப்பறையில் போய் நின்று அழுதேன். அங்கேயும் நின்றுகொண்டுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புது சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. அறிக்கையில் மட்டும் என் சட்டைக் கணக்கைச் சரியாக எழுதுகிறாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். எல்லார் முன்னாலும் வாங்கிக்கட்டப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு நோட்டை மேஜையில் போட்டாள்.

“உக்காரு. இடது கையை நூறு தடவை எழுது.”

என்னை உட்கார வைத்துவிட்டு, விந்தி விந்திப் போய் என் மேஜையில் என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நான் எழுதினேன். ஐ ஹேவ் அயர்ன்ட். ஐ ஹேவ் அயர்ன்ட். நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. இந்த ஆட்டத்துக்கா நான் அந்த ஆட்டம் ஆடினேன்? முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலில் வலி அடங்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத்தான் எழுதினேன், சரியாக நூறு.

நோட்டை வாங்கி விரல் வைத்து எண்ணினாள்.

“தொண்ணூத்தெட்டுதான் இருக்கு. நாளைக்கும் மூணு மணிக்கு வந்து உக்காரு.”

நான் மறுபடி எண்ணச் சொல்லவில்லை.