நடுப்புள்ளி இல்லாமல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்றும் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "இனிமே உங்க ரெண்டு பேர் சேதியையும் என்னால சுமக்க முடியாது. அப்பனும் மகளும் பேசிக்க நான் என்ன தந்திக் கம்பியா?" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். அலுவலக முகவரிக்கு அனுப்பினால் பிறர் கண்ணில் படும் என்று, கையால் எழுதிக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறேன். அதற்கும் அம்மா உதவவில்லை. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் கம்பெனி செய்த துணைமின் நிலையக் கணினி மாதிரியைச் சரிபார்க்கும் வேலை, ஓய்வுக்குப் பின் நான் பகுதி நேரமாகப் போகும் அலுவலகத்துக்கு வந்தது. உன் பெயரைப் பார்த்ததுமே மேலாளரிடம் போய், இது என் மகள் செய்தது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர், "வேற யாரு சார் இருக்கா? நீங்களே பாருங்க. அப்பா திருத்தினா பொண்ணுக்கு மார்க்கு குறையவா போகுது?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவே இல்லை.

மூன்று சுருள் டிரான்ஸ்ஃபார்மரைக் கணக்கில் கொண்டுவர, ஒரு கற்பனையான நடுப்புள்ளியில் மூன்று கிளைகளைச் சேர்க்கிறோம். மின்னோட்டத்தை ஒவ்வொரு கிளையும் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் மின்மறிப்பு; நடு அழுத்தக் கிளைக்கு அந்த எண் பல சமயம் மைனஸில் வரும். உனக்குத் தெரியாததில்லை, எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனம் நிலைக்கிறது. உன் மாதிரியில் அந்த இடத்தில் பூஜ்ஜியம் இருந்தது. அப்படி வைத்தால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி வாங்கும் பிரேக்கர், வேண்டிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாமல் வெடிக்கலாம். ஆகவே தவறு என்று அறிக்கையில் எழுதினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கூடவே "அடிப்படை புரியாமல் செய்த மாற்றம்" என்று ஒரு வரி சேர்த்தேனே, அதுதான். வேறு யாருக்கும் அப்படி எழுதியவனில்லை நான். மகளுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பயந்தவன் கையில் பேனா அதிகமாகவே அழுந்திவிட்டது.

நேற்று கோப்புகளை மூடப் போனபோதுதான் நீங்கள் முதலில் அனுப்பிய மாதிரியைத் திறந்தேன். என்னிடம் கொடுத்தது இரண்டாவது. எப்போதும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன், இந்த முறை மட்டும் பார்க்கவில்லை. முதலாவதில் மைனஸ் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. "மைனஸ் வருவது சரியே, மாற்ற வேண்டாம்" என்று ஓரத்தில் உன் குறிப்பு வேறு. இரண்டாவதில் மைனஸும் இல்லை, குறிப்பும் இல்லை. உனக்கு மேலே இருப்பவர் யாரோ மைனஸைப் பிழையென்று நினைத்து மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். பழியை மட்டும் நீ வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாய். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து இல்லை.

என் வரியைத் திரும்பப் பெறுவதாக, அறிக்கை போன எல்லோருக்கும் இன்று காலை எழுதிவிட்டேன். பூஜ்ஜியம் தவறுதான், அறிக்கையில் அது அப்படியே நிற்கிறது. ஆனால் முதல் மாதிரி சரியாக இருந்தது என்று நான் எழுதினால், உன் மேலதிகாரியைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நீ. எழுதாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்றும் தெரியும். எழுதட்டுமா, வேண்டாமா? உன்னைக் கேட்காமல் ஒருமுறை எழுதியது போதும்.

அந்த நடுப்புள்ளி டிரான்ஸ்ஃபார்மருக்குள் எங்குமே கிடையாது. கணக்கு வசதிக்காக நாம் வைத்துக்கொண்டது. அதை நீக்கினால் ஒவ்வொரு சுருளுக்கும் மற்றதோடு நேரடித் தொடர்பு வந்துவிடும். நம் வீட்டில், "அவ சாப்பிட்டாளா கேளு", "அப்பா மாத்திரை போட்டாரா கேளும்மா" என்று எல்லாமே அம்மா வழியாகத்தான் போய்வந்தது. எனக்கு உன்னிடம் நேராகப் பேச வராது. போனை எடுத்தால் இருமுவேன், அங்கே மழையா என்று கேட்பேன். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் அதற்கப்புறம் பேசிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் ஒருமுறை கூப்பிடம்மா. அம்மா எடுக்க மாட்டாளாம். போன் என் பக்கத்தில்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்வதற்கு மட்டும் கூப்பிட்டாலும் சரி, நான் வைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் அப்பா